தைராய்டும் தலைகீழ்க் கணக்கும்

ஆய்வக அறிக்கையைக் கையில் ஏந்தியவண்ணம், "டி.எஸ்.எச். எண் கூடிவிட்டதே, தைராய்டு மிகுந்துவிட்டது போலும், மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?" என்று வினவுவோரை நாம் கண்டிருக்கிறோம். இவ்வினாவிலேயே பிழை குடிகொண்டுள்ளது. எண் கூடுவது பெரும்பாலும் சுரப்பு குறைந்தமைக்கே அடையாளமாகும்.

நெய்வேலியில் வாழும் நமக்கு இதனை விளங்கிக்கொள்வது அரிதன்று. அனல்மின் நிலையத்தில் நீராவி குறையின், கூடுதல் நிலக்கரி இடுமாறு கட்டுப்பாட்டு அறையிலிருந்து கட்டளை பிறக்கும். நீராவி மிகுமாயின் கட்டளை அடங்கும். நம் உடலில் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியே அக்கட்டுப்பாட்டு அறை. கழுத்தில் உள்ள தைராய்டுக்கு அஃது அனுப்பும் கட்டளையே டி.எஸ்.எச். தைராய்டு சோர்ந்தால் கட்டளை உரக்க ஒலிக்கும், எண் உயரும். மாத்திரை அளவுக்கு மிஞ்சினால் கட்டளை தணியும், எண் தாழும்.

பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு என்பர். ஆய்வகத்திற்கேற்ப எல்லை சிறிது வேறுபடும். டி.எஸ்.எச். உயர்ந்து, கட்டற்ற டி4 தாழ்ந்திருந்தால் சுரப்புக் குறை உறுதியாகின்றது. டி4 இயல்பாகவே இருந்து டி.எஸ்.எச். மட்டும் சற்றே உயர்ந்திருந்தால், அது தொடக்க நிலை. வயது, கருவுறல் முதலியவற்றைக் கருதி மருத்துவர் முடிவு செய்வார்.

1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1927-இல் பிரிட்டனில் ஹாரிங்டனும் பார்கரும் அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். இன்று நாம் உட்கொள்ளும் லெவோதைராக்சின் மாத்திரை அவ்வழி வந்ததே. இரத்தத்தில் உள்ள தைராக்சின் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். ஆதலின் அளவை மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மறு ஆய்வு பயன் தரும். பத்து நாளில் ஆய்ந்து, பலன் இல்லையெனக் கருதி அளவைக் கூட்டுவது தவறு. அளவு மிகின் நெஞ்சு படபடக்கும், முதியோர்க்கு இதயத் துடிப்பு ஒழுங்கிழக்கும், எலும்பும் தேயும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, உணவுக்கும் தேநீருக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி இன்றியமையாதது.

ரமளானில் இவ்வொழுங்கு குலைவதுண்டு. ஸஹர் உணவுக்கு அரை மணி முன்னரோ, இரவு கடைசியாக உண்டு மூன்று மணி நேரம் கழித்து உறங்கச் செல்லும்போதோ உட்கொள்ளலாம். நோன்புக் கஞ்சியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து முழுமையாக உடலில் சேராது. எந்நேரம் என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, மாதம் முழுதும் அதனையே கடைப்பிடிக்க வேண்டும்.

கருவுற்ற சகோதரியர் தம் நிலையை உணர்ந்தவுடனே மருத்துவரை நாட வேண்டும். தொடக்க மாதங்களில் சிசுவின் மூளை தாயின் தைராக்சினையே நம்பி வளர்கின்றது. பலருக்கு மாத்திரையின் அளவை ஏறத்தாழ கால் பங்கோ அதற்கு மேலோ உயர்த்த நேரிடும். "கருவுற்ற காலத்தில் மாத்திரை எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது அன்பினால்தான் எனினும், அத்தடை குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கே ஊறு விளைக்கக் கூடும்.

அறிக்கையைப் படிக்கக் கற்பது மருத்துவரிடம் சரியான வினாவை எழுப்புவதற்கே. மாத்திரையை நாமே கூட்டவும் குறைக்கவும் அன்று. உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனை அறிவோடு பேணுவோமாக!