பச்சை குத்திக்கொள்ளப் போகுமுன்...

ஒரு காலத்தில் பச்சை குத்துகிறவள் வீட்டுத் திண்ணையைத் தேடி வந்தாள். இன்று குத்திக்கொள்கிறவர்தான் கடையைத் தேடிப் போகிறார். தொலைபேசியில் நாள் கேட்டு, முன்பணம் கட்டி, தம் முறை வரும்வரை காத்திருக்கிறார்.

பெங்களூரில் இந்திரா நகர், கோரமங்களா, ஜெயநகர் பக்கம் போனால் ‘டாட்டூ ஸ்டூடியோ’ பலகைகளைப் பார்க்காமல் வர முடியாது. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள். அம்மாவின் பெயர், குழந்தை பிறந்த தேதி, வேல், மயில் என்று ஆளுக்கொரு ஆசை.

சிறிய பெயர் ஒன்றைக் குத்துவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அது ஆயுள் முழுதும் கூடவே வரும். ஆகையால் முடிவு செய்யவேண்டியவற்றை நாற்காலியில் உட்காருமுன்பே முடிவு செய்துவிட வேண்டும். நாள் குறிப்பது அதற்கும் பிறகுதான்.

திண்ணையில் குத்திய பச்சை

நம் பாட்டிமார்களின் முன்கையில் கோலமும் புள்ளியும் தேளும் இருந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். கூடை முடைந்து விற்று, குறி சொல்லி ஊர் ஊராகச் சென்ற குறவர் குலப் பெண்களே பெரும்பாலும் அவற்றைக் குத்தியவர்கள். தென்னிந்தியக் குலங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளிலும் இவர்களுடைய தொழில் இடம் பெற்றிருக்கிறது. கன்னடத்தில் இதற்கு ‘ஹச்சே’ என்று பெயர். மராத்தியில் ‘கோந்தண்’, இந்தியில் ‘கோத்னா’.

விளக்குக் கரியே மையின் முதற்பொருள். அது கறுப்பு. கறுப்பு மை பச்சையாகத் தெரிவானேன்? கரித்துகள்கள் மேல்தோலுக்குக் கீழே போய்த் தங்குகின்றன. தோலின் வழியாக ஒளி புகுந்து சிதறித் திரும்பும்போது அந்தக் கறுப்பு நமக்கு நீலம் கலந்த பச்சையாகத் தோன்றுகிறது. ‘பச்சை’ என்ற பெயர் நிலைத்ததும் இதனால்தான்.

அந்த நாளில் எந்தக் கோலம், எந்தக் கை என்பதைப் பெரியவர்களே தீர்மானித்தார்கள். சிறுமி கையை நீட்டினால் போதும். கூலி அரிசியாகவோ பழஞ்சேலையாகவோ போயிற்று. ஒரே ஊசி தெரு முழுவதற்கும் பயன்பட்டது. ரத்தத்தின் வழியே பரவும் கிருமிகளைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது.

நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ’ரெய்லி 1891-ல் மின்சாரத்தில் இயங்கும் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எடிசனின் மின்சாரப் பேனாவைத் தழுவி அமைந்த இயந்திரம் அது. இன்றைய ஸ்டூடியோக்களில் ரீங்காரமிடும் கருவிகள் அதன் வழி வந்தவை. கருவி மாறியது, தீர்மானிக்கும் உரிமையும் பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. அதனுடன் பொறுப்பும் வந்திருக்கிறது.

எந்த இடத்தில் குத்துவது?

படத்தைத் தேர்ந்தெடுக்க நாட்கணக்கில் யோசிப்பவர்கள், உடம்பில் எந்த இடம் என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். வேலைக்குப் போகவேண்டிய பிள்ளைக்கு முக்கியமானது இடம்தான்.

அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் பொறியாளர் படையின் தலைமையகம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் சேர்ந்துவரும் படை அது. ராணுவ ஆள்சேர்ப்பு விதிகளின்படி, முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரையிலான முன்கையின் உட்பக்கத்திலும், புறங்கையிலும் மட்டுமே நிரந்தரப் பச்சை அனுமதிக்கப்படுகிறது. கழுத்திலோ தோளிலோ மார்பிலோ இருந்தால் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாலும் பயனில்லை. வழிவழி வந்த வழக்கப்படி பச்சை குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

மத்திய ஆயுதக் காவல் படைகளின் தேர்வு விதி இன்னும் கண்டிப்பானது. வலக்கை சல்யூட் அடிக்கும் கை. ஆகையால் முன்கையில் குத்துவதானால் இடக்கையின் உட்புறம்தான், புறங்கையிலும் குத்தலாம். அளவும் அந்த உறுப்பில் நான்கில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும்.

சீருடைப் பணியில் சேரும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், சேர விரும்பும் படையின் ஆள்சேர்ப்பு அறிவிப்பை வாங்கிப் படித்துவிட்டு அதன்பிறகு நாள் குறிப்பதே நல்லது. பிளஸ் டூ முடித்த கையோடு நண்பர்களுடன் போய்க் கழுத்தில் குத்திக்கொண்டு, இருபது வயதில் உடற்தகுதித் தேர்வு வரிசையில் நின்று வருந்துவதில் பொருளில்லை.

தமிழ் எழுத்தில் தனிக் கவனம்

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. குத்தும் கலைஞருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அவர் கன்னடக்காரராக இருப்பார். மணிப்பூரிலிருந்து வந்தவராகவும் இருப்பார். அவருக்குத் தமிழ் எழுத்து ஒரு படம். கொடுத்த படத்தை அப்படியே குத்துவார். தவறைக் கண்டுபிடிக்க அவரால் முடியாது.

புள்ளி ஒன்று விடுபட்டால் ‘அம்மா’ ‘அமமா’ ஆகிவிடும். இரட்டைக் கொம்பு ஒற்றைக் கொம்பானால் ‘வேல்’ ‘வெல்’ ஆகிவிடும். சில வரைகலை மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான வசதியை இயக்காமல் தமிழைக் கொண்டுபோய் ஒட்டினால், எழுத்துக்கு முன் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றுவிடும். ‘செல்வி’ என்ற பெயரில் ‘ச’ முதலில் வந்து, கொம்பு அதன் பின்னே அநாதையாக நிற்கும்.

பெங்களூரில் பிறந்து கன்னடமோ ஆங்கிலமோ படித்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் தவறு கண்ணில் படாமல் போகக்கூடும். தமிழ் படித்த ஒருவரைக் கொண்டு பெயரைக் காகிதத்தில் தெளிவாக எழுதி வாங்கி, அதைப் படமாகவே ஸ்டூடியோவில் கொடுப்பது பாதுகாப்பான வழி. வீட்டில் இருக்கும் தாத்தாவோ அத்தையோ இதற்குப் போதும். அம்மாவே தம் பெயரைத் தம் கையால் எழுதிக் கொடுத்தால், அந்தக் கையெழுத்தையே குத்திக்கொள்ளலாம்.

நாள் குறிக்கும் விதம்

நாள் குறிக்குமுன் ஒருமுறை ஸ்டூடியோவுக்கு நேரில் போய்வருவது நல்லது. கலைஞர் முன்பு செய்த வேலைகளின் படங்களைக் கேட்டுப் பார்க்கலாம். குத்திய அன்று எடுத்த படம் எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். ஆறிய பிறகு எடுத்த படத்தையும் கேட்க வேண்டும். வேலையின் உண்மையான தரம் அதில்தான் தெரியும். மிகச் சிறிய எழுத்துகள் காலப்போக்கில் மை பரவி ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால், எவ்வளவு பெரிதாக எழுதவேண்டும் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.

கட்டணம் அளவுக்கா, மணிக்கணக்குக்கா, முன்பணம் கழிக்கப்படுமா, வர இயலாவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதை முன்னதாகவே கேட்டுவிடுவது நலம். பொறுப்புள்ள ஸ்டூடியோக்கள் 18 வயது நிறைந்ததற்குச் சான்று கேட்கும். உடல்நிலை பற்றிய படிவத்தில் கையெழுத்தும் வாங்கும். எதையும் கேட்காமல் ‘உடனே உட்கார்’ என்கிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

குத்திய புண்ணின் மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும். அதுவரை ஆற்றிலும் குளத்திலும் நீச்சல் குளத்திலும் இறங்கக் கூடாது. எனவே சபரிமலைப் பயணத்துக்கும், கோயில் தீர்த்தமாடலுக்கும், திருமணத்துக்கும் முந்திய ஒரு மாதத்தைத் தவிர்த்து நாள் குறிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. தேசிய ரத்தமாற்றுக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட விதிகளின்படி, பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதங்களுக்கு ரத்ததானம் செய்யக் கூடாது. வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை நடக்கவிருந்தால், ரத்தம் கொடுத்துவிட்டுப் பிறகு போகலாம்.

ஊசியும் மையும்

ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலை வகைகளான ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகியவையும் எச்.ஐ.வி.யும் தொற்றக்கூடும். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் உயிரோடு இருக்க வல்லது. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆறு மாத காலத்தில் மூன்று தவணையாகப் போட வேண்டும். குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் இந்த ஊசி நாடு முழுவதும் விரிந்தது 2011-ல்தான். ஆகவே இன்று பச்சை குத்திக்கொள்ளும் வயதில் இருப்பவர்களில் பலர் போட்டுக்கொள்ளாதவர்களாக இருக்கலாம். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது.

முத்திரை பிரிக்காத புதிய ஊசியை வாடிக்கையாளர் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். கையுறை புதிதாக இருக்க வேண்டும். மையைப் பெரிய குப்பியிலிருந்து சிறு கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மையில் நீர் கலப்பதானால் கிருமி நீக்கிய நீரே கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. இவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. நல்ல கலைஞர் கேட்காமலே காட்டுவார்.

மையின் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் கலக்கும் பல ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ் 2025 பிப்ரவரியில், டாட்டூ மை மாதிரிகளைச் சோதித்ததில் 22 வகை உலோகங்கள் காணப்பட்டதாகக் கூறினார். விதிமுறைகள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு எழுதப் போவதாகவும் அறிவித்தார். எந்த நிறுவனத்தின் மை, எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம் என்பதைக் குப்பியில் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. பிறகு ஒவ்வாமை ஏற்பட்டால் மருத்துவரிடம் சொல்ல உதவும்.

யார் தள்ளிப்போட வேண்டும்?

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகும். காது குத்திய இடத்தில்கூடத் தழும்பு தடித்து வளர்கிற உடல்வாகு உள்ளவர்களுக்குப் பச்சையும் தடித்து எழும்பக்கூடும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ஊசி பட்ட இடத்தில் நோய் புதிதாகக் கிளம்பலாம். கர்ப்பிணிகள் குழந்தை பிறக்கும்வரை பொறுத்திருப்பதே நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. பச்சைக்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது அதைவிட ஆபத்து.

அந்த நாள்

முதல் நாள் இரவு நன்றாகத் தூங்க வேண்டும். மது அறவே கூடாது. அது ரத்தக் கசிவைக் கூட்டும். வெறும் வயிற்றோடு போனால் ஊசியைக் கண்டதும் தலை சுற்றும். சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். தளர்ந்த பழைய ஆடை போதும். முடியை வீட்டிலேயே மழித்துக் கீறல் உண்டாக்கிக்கொள்ள வேண்டாம். அதைக் கலைஞரே செய்வார்.

ஊசி வைக்குமுன் படத்தின் அச்சைத் தோலில் பதிப்பார்கள். அன்றைய நாளின் முக்கியமான கட்டம் இதுதான். கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித் தெரியும் என்பதால், உடன் வந்தவர் நேராக நின்று படித்துப் பார்க்க வேண்டும். கொம்பு, கால், புள்ளி என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்க்கலாம். தவறு இருந்தால் அச்சைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பதிக்கலாம். ஊசி இறங்கிய பிறகு முடியாது.

வீடு திரும்பிய பிறகு

கலைஞர் சொன்ன நேரத்துக்குப் பின் கட்டைப் பிரித்து, மென்மையான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைக்க வேண்டும். பொருக்கு எழும்பி அரிக்கும். சொறிந்தால் மையும் சேர்ந்து உதிரும். வெயில் படக் கூடாது. வீட்டில் மஞ்சளை அரைத்து வருவார்கள். திறந்த புண்ணில் அதையும் பூசாமல் இருப்பதே நல்லது. சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அழித்துவிடலாம் என்பவர்களுக்கு

‘பிடிக்காவிட்டால் லேசரில் அழித்துவிடலாம்’ என்ற பேச்சும் காதில் விழுகிறது. அழிக்கலாம், ஆனால் அது எளிதல்ல. மைத்துகள்களைத் தோலில் உள்ள காவல் அணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்த அணு இறந்தால், அது விட்ட மையை அடுத்த அணு எடுத்துக்கொள்கிறது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளிடம் நடத்திய சோதனையில் கண்டு 2018-ல் வெளியிட்டார்கள். இவ்வளவு பிடிவாதமாகத் தங்கும் மையை லேசர் ஒளி உடைக்க, வாரக்கணக்கான இடைவெளியில் பல முறை போய்வர வேண்டும். கறுப்பு ஓரளவு எளிதில் மறையும். பச்சையும் மஞ்சளும் எளிதில் மறையா. குத்தியதைவிட அழிப்பதற்குச் செலவும் வலியும் அதிகம்.

திண்ணையில் குறத்தி வந்து உட்கார்ந்தபோது யோசிக்க அவகாசம் கிடைத்ததில்லை. இன்று முன்பணம் கட்டிய பிறகும் பல நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் படத்தைப் பேனாவால் அதே இடத்தில் வரைந்து, தினமும் பார்த்துவரலாம். நாலாம் நாளே அலுத்துப் போனால், இழப்பு முன்பணத்தோடு நின்றுவிடும்.