விருந்தினர்க்கு விரிப்பும் துவாலையும்

துணி, துண்டு, அறுவை என்னும் மூன்று சொற்களும் ஒரு கருத்தின் வழியே பிறந்தவை. நெய்த நெடும்பாவினின்று வேண்டிய அளவிற்குத் துணிக்கப்படுவது துணி, துண்டிக்கப்படுவது துண்டு, அறுக்கப்படுவது அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவரின் பெயரே அவர்தம் வாணிகத்தை நமக்கு அறிவிக்கின்றது. அளவறிந்து அறுத்தல் வாணிகர்க்கு மட்டுமன்று, விருந்தினர்க்கு அறை வாடகைக்கு விடும் இல்லத்தார்க்கும் இன்றியமையாததாகும். படுக்கைத் துணிகளுள் எவற்றை மிகையாக வழங்கலாம், எவற்றை விலக்கலாம் என்பதை இங்குச் சிறிது ஆராய்வோம்.

செங்கற்பட்டு 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. அதன் கிழக்கெல்லையாகிய கடற்கரையில், சென்னையினின்று ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தெற்கே மாமல்லபுரம் உளது. 1984-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட அவ்வூர்க் கற்றளிகளைக் காண்பாரும், கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்குப் பயில்வாரும், விடுமுறை கழிப்பாரும் ஆண்டு முழுதும் வருகின்றனர். பெருவிடுதிகளேயன்றிச் சிறு குடும்பங்களும் தம் வீட்டில் ஓரிரு அறைகளை அவர்க்கு விடுகின்றன. இந்திய அரசின் சுற்றுலாத்துறை வகுத்த இல்லத் தங்கல் விதிகள், ஒரு வீட்டில் 1 முதல் 6 அறைகள் வரை விடலாம் எனக் கூறுவதோடு, நல்ல தரமுள்ள படுக்கைத் துணிகள் இருத்தல் வேண்டும் என்றும், அவை இந்நாட்டு வடிவினவாயின் நலம் என்றும் உரைக்கின்றன.

மெத்தை விரிப்பு, தலையணையுறை, போர்வை, குளியல் துவாலை ஆகியவை அடிப்படையானவை. இவற்றை மிகையென்று கூறிக் கட்டணம் கேட்டல் பண்பன்று. இவற்றிற்கு அப்பாற்பட்டனவே நம் ஆராய்ச்சிக்குரியன. அவற்றைத் தேர்ந்தெடுக்க மூன்று வினாக்கள் போதும். வருவோர் தம் பெட்டியிற் கொணர இயலாத பொருளா? இவ்விடத்திற்கு வேண்டுவதா? நம் வீட்டாரால் துவைத்து ஒரு நாளில் உலர்த்தத் தக்கதா? இம்மூன்றனுள் இறுதி வினாவையே பலரும் மறந்துவிடுகின்றனர்.

என் அத்தையாரும் அதனை மறந்தார். அவர் கடலோரச் சிற்றூர் ஒன்றில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டு, அவ்வருவாயினால் தம் மக்களைப் படிக்க வைக்கின்றார். பெருவிடுதிகளைப் பார்த்து நான்கு குளியல் அங்கிகளும் பருமனான வெண்ணிறத் துவாலைகளும் வாங்கினார். மழைக்காலம் வந்தது, துணிகள் இரண்டு நாளாகியும் உலரவில்லை. ஈரவாடை வீசியதாக விருந்தினர் குறை கூறிச் சென்றனர். மீண்டும் அவர்கள் வரவேயில்லை. அன்பினால் வாங்கிய பொருளே அவப்பெயர் தேடித் தந்தது.

இதற்குக் காரணம் யாது? துவாலையின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடுவர். 75 சென்டிமீட்டர் அகலமும் 150 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துவாலை, 400 கிராம் நெசவாயின் 450 கிராம் நிறையுடையது. 600 கிராம் நெசவாயின் 675 கிராம். ஏழு கிலோ கொள்ளும் துவைக்கும் எந்திரத்தில் முன்னையது 15 அடங்கும். பின்னையது 10-க்குமேல் அடங்காது. கனம் மிகுந்தது உலரவும் நெடுநேரமாகும். ஆதலின் கடலோரத்திற்கு 400 கிராம் அளவினதே ஏற்றது. நம் ஈரிழைத் துண்டு இன்னும் மெல்லியது; விரைவில் ஈரம் வாங்கி, விரைவில் உலர்வது.

மிகைப் பொருள்களுள் முதலிடம் கடற்குளியல் துவாலைக்கே உரியது. அது வழங்கப்படாதவிடத்து, விருந்தினர் அறையிலுள்ள வெண்துவாலையையே மணலுக்குக் கொண்டுசெல்வர். அடர்ந்த நிறத்தில் தனியே ஒன்று வைத்தால் இக்குழப்பம் நீங்கும். கடல்நீர் தோய்ந்த துணியை முதலில் உதறி மணல் போக்கி, நன்னீரில் அலசிய பின்னரே சோப்பிடல் வேண்டும். உப்புத் தங்கிய துணி, உலர்ந்த பின்னும் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். மென்மையாக்கும் திரவங்களை மிகுதியாக இடின் துவாலையின் உறிஞ்சுந்தன்மை குறையும். இன்னும் ஒன்று: வெயில் காக்கும் களிம்புகள் சிலவற்றிலுள்ள அவோபென்சோன் என்னும் பொருள், நீரில் இரும்புக் கலப்பிருப்பின் துருநிறக் கறையை உண்டாக்கும். அக்கறைமேல் குளோரின் வெளுப்புப்பொடி இட்டால் அது மேலும் அழுந்தும். வெண்துணி கடற்கரைக்கு ஒவ்வாமைக்கு இதுவும் ஒரு காரணமாம்.

அடுத்து, அறைக்கு ஒரு மிகைத் தலையணையும், குளிரூட்டும் பொறியுள்ள அறைக்குச் சென்னிமலைப் போர்வை ஒன்றும் வைக்கலாம். கடற்கரையில் அமர்வதற்கோ, உடன்வந்த சிறுவர் தரையிற் படுப்பதற்கோ பவானி ஜமக்காளம் மிகப் பயன்படும்; அது நெடுநாள் உழைப்பது. கைக்குழந்தையுடன் வருவோர்க்கு ரப்பர் விரிப்பும் சிறு பருத்தி விரிப்பும் கேட்டவுடன் தரத்தக்கனவாக அலமாரியில் இருத்தல் நன்று. குளியல் அங்கியும், அழகிற்கென மெத்தைமேல் இடும் பட்டுப்பட்டையும் சிறிய இல்லத்திற்கு வேண்டா.

இனி எண்ணிக்கையைக் காண்போம். ஒன்று பயனில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில் என மும்மடங்கு வேண்டும். நால்வர் தங்கும் இரண்டு அறைகளுக்குக் குளியல் துவாலை 12, கடல் துவாலை 12 ஆகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும்; மாமல்லபுரத்து நாட்டிய விழாவோ டிசம்பர் இறுதியில் தொடங்கும். விருந்தினர் மிகும் காலமும் துணி உலராக் காலமும் இவ்வாறு ஒன்றையொன்று தொடுகின்றன. 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகேதான் கரை கடந்தது. ஆகவே மழைநாளுக்கென நான்காம் மடங்கும் இருத்தல் அறிவுடைமை.

கட்டணம் எவ்வாறு? கடல் துவாலையையும் மிகைப் போர்வையையும் வாடகையிலேயே அடக்கிவிடுதல் சிறப்பு. தங்கும் நாள்களுக்கு இடையே எல்லாவற்றையும் புதிதாய் மாற்றித் தருவதற்கு மட்டும் தனிக்கட்டணம் பெறலாம்; அது துவைப்பவரின் உழைப்பிற்குரிய ஊதியம். எவ்வளவு என்பதை முன்னரே அறிவித்துவிட்டால் மனக்கசப்பு நேராது.

என் அத்தையார் இப்பொழுது இம்முறையையே கைக்கொள்கின்றார். அந்நான்கு அங்கிகளையும் அவர் அறுத்துக் கால்மிதிகளாக்கி வாயிலில் இட்டார். மணலை அறைக்குள் வாராமற் காக்கும் அதுவே அவற்றால் அவ்வீடு பெற்ற முதற் பயன். விருந்தோம்ப விழைவோர் வாங்குமுன் தம் கொடியின் நீளத்தையும், துவைப்பார் கைகளின் வலிமையையும் எண்ணிப் பார்த்துப் பின் அளவறிந்து வாங்குவாராக.