துப்பாக்கிக் குழல் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும்?

அடர்ந்த காட்டிலும் குறுகிய சந்துகளிலும் நடமாடும் போர்வீரனுக்குக் கையடக்கமான துப்பாக்கி வேண்டும். தொலைவிலுள்ள இலக்கை எட்டுவதற்கோ குண்டு மிகுந்த வேகத்துடன் புறப்படவேண்டும். அதற்கு நீண்ட குழல் தேவை. ஒன்றோடொன்று முரண்படும் இவ்விரு தேவைகளுக்கும் இடையே சமரசம் காண்பதே துப்பாக்கி வடிவமைப்போரின் நெடுநாளைய சிக்கலாகும். குழலில் சில அங்குலம் குறைத்தால் என்னென்ன மாறுகின்றன? இதனை இயற்பியல் கொண்டு காண்போம்.

ஆயிரத்தில் ஒரு விநாடி

விசையை இழுத்தவுடன் தோட்டாவிலுள்ள வெடிமருந்து எரிந்து வெப்பமான வாயுவாக மாறுகிறது. அந்த வாயு குண்டைக் குழலின் வழியே தள்ளுகிறது. அமெரிக்காவின் எம்-16 ரைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் குழலின் நீளம் 20 அங்குலம், அதாவது 508 மில்லிமீட்டர். ஏறத்தாழ மூன்றரை கிராம் எடையுள்ள அதன் குண்டு, விநாடிக்கு ஏறத்தாழ 990 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. அரை மீட்டர் தொலைவுக்குள் இந்த வேகத்தை அடையவேண்டுமானால், குண்டின் மீது சராசரியாக 350 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை செயற்படவேண்டும். சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு துளைக்குள் இவ்வளவு விசை! இவையனைத்தும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன.

ஆனால் இந்த விசை குழல் முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. குண்டு முதல் சில சென்டிமீட்டர் நகர்வதற்குள் அழுத்தம் உச்சத்தை எட்டுகிறது. அது காற்று மண்டல அழுத்தத்தைப்போல் 3,000 மடங்குக்கும் மேல். பிறகு குண்டு முன்னே செல்லச் செல்ல வாயுவுக்கு இடம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. வண்டியைத் தள்ளத் தொடங்கியவன் போகப் போகக் களைப்படைவதைப்போன்றது இது. ஆகவே குண்டு முதலில் கடக்கும் பாதிக் குழல் தரும் வேகத்தைவிட, அடுத்த பாதி தரும் வேகம் குறைவு.

எம்-16இன் வழிவந்த எம்-4 கார்பைனின் குழல் பதினாலரை அங்குலம். நீளத்தில் கால் பங்குக்கு மேல் குறைந்தும், குண்டின் வேகம் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே குறைகிறது. எனினும் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஆற்றலில் 10 விழுக்காடு போய்விடும் என்பதை மறக்கலாகாது.

குழலை நீட்டிக்கொண்டே போனால் வேகமும் கூடிக்கொண்டே போகுமா? போகாது. சிறிய .22 தோட்டாவில் மருந்து மிகக் குறைவு. அதற்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் குழலே போதும். அதற்குமேல் குழல் நீண்டால், தளர்ந்துபோன வாயுவின் தள்ளுதலை உராய்வு வென்றுவிடும். வேகம் கூடுவதற்கு மாறாகக் குறையத் தொடங்கும்.

ஓசையும் ஒளியும்

சோடாப் புட்டியைத் திறந்ததும் ‘டப்’ என்று ஓசை எழுவதேன்? உள்ளே அடைபட்டிருந்த வாயு திடீரென விடுபடுவதால். துப்பாக்கியிலும் அதே கதைதான். நீண்ட குழலில் குண்டு வெளியேறும்போது வாயு ஓரளவு தணிந்திருக்கும். குட்டைக் குழலிலோ மிகுந்த அழுத்தத்துடன் வெளியே பாயும். அத்துடன், முழுதும் எரியாத வாயுக்கள் வெளிக் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கலந்து தீப்பிழம்பாக எரியும். இரவில் இந்த ஒளி சுடுபவனின் கண்ணைக் கூசச் செய்யும். அவன் இருக்குமிடத்தையும் காட்டிக்கொடுக்கும்.

வியட்நாம் போரின்போது இது நடைமுறையில் தெரியவந்தது. எம்-16இன் குழலை 10 அங்குலமாகக் குறைத்துச் செய்த துப்பாக்கிகளின் ஓசையும் ஒளியும் தாங்க முடியாதவையாக இருந்தன. எனவே குழலின் வாயில் அவற்றைத் தணிக்கும் ஒரு கருவியைப் பொருத்தினர். பின்னர் குழலையும் பதினொன்றரை அங்குலமாக நீட்டினர். குறைத்த நீளத்தில் ஒரு பகுதியை இவ்வாறு திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சாதாரண ரைபிளின் வெடியோசையே 140 டெசிபலைத் தாண்டும். காதுக்குப் பாதுகாப்பின்றி ஒருமுறை கேட்டாலும் செவிப்புலன் நிலையாகக் கெடக்கூடும்.

உள்ளுறுப்புகளின் பாடு

தானியங்கித் துப்பாக்கிகளில் குழலின் பக்கத்திலுள்ள சிறு துளை வழியே சிறிதளவு வாயு பிரிந்து சென்று, வெற்று உறையை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றும் பொறியை இயக்குகிறது. குழல் குட்டையானால் இந்தத் துளையையும் பின்னே நகர்த்த வேண்டும். அங்கு அழுத்தமும் வெப்பமும் அதிகம். எனவே உறுப்புகள் வேகமாகப் பின்னோக்கிப் பாய்ந்து, விரைவில் தேய்கின்றன. ஆகையால், குழலை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுவிட முடியாது. ஒவ்வோர் உறுப்பும் மற்றவற்றுடன் பொருந்த வேண்டும்.

குட்டைக் குழலில் குறி தவறும் என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில், ஒரே தடிமனுள்ள குழலின் நீளத்தைப் பாதியாக்கினால், அதே விசைக்கு அது வளையும் அளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே குட்டைக் குழல் உறுதியானது. முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள தொலைவு குறைவதால், குறிபார்ப்பதில்தான் பிழை கூடுகிறது.

இரு படிப்பினைகள்

பிரிட்டிஷார் தம் .303 லீ-என்ஃபீல்டு ரைபிளின் குழலைக் குறைத்து, எடையையும் குறைத்து, 1944இல் ‘ஜங்கிள் கார்பைன்’ என்ற துப்பாக்கியைச் செய்தனர். ஆனால் தோட்டா அதே வலிமையுள்ளது. எடை குறைந்த துப்பாக்கி அதிக வேகத்துடன் பின்னோக்கி உதைக்கும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. தோளைக் காக்க ரப்பர் மெத்தையும், ஒளியை மறைக்கக் கூம்பும் தேவைப்பட்டன. அதன் குறி நிலையாக இல்லை என்ற புகாரும் எழுந்தது. 1947இல் உற்பத்தி நின்றது.

ஆஸ்திரியர்கள் வேறு வழி கண்டனர். 1977இல் அவர்களது படை ஏற்ற ஸ்டேயர் ஆக் ரைபிளில், தோட்டாக் கூடும் பொறியும் விசைக்குப் பின்னால், தோளில் பதியும் கட்டைக்குள்ளேயே அமைந்துள்ளன. குழல் எம்-16இன் அளவே, 508 மில்லிமீட்டர். ஆயினும் மொத்த நீளம் 80 சென்டிமீட்டருக்கும் குறைவு; எம்-16 வகையான எம்-16ஏ2வோ ஒரு மீட்டர். குழலை வெட்டாமலே துப்பாக்கியைக் குறுக்கிவிட்டனர்! ஆனால் இதிலும் குறை உண்டு: வெற்று உறைகள் முகத்தருகே வெளியேறுவதால், இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்குப் பொறியை மாற்றியமைக்க வேண்டும்.

சட்டத்தின் அக்கறை

குட்டைத் துப்பாக்கியை உடைக்குள் மறைப்பது எளிது. ஆகவே சட்டமும் குழலின் நீளத்தில் கருத்துச் செலுத்துகிறது. நம் நாட்டு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, உரிமம் இன்றித் துப்பாக்கிக் குழலைக் குறைப்பதைத் தடைசெய்கிறது. அமெரிக்காவிலும் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய ரைபிள்கள் தனிப் பதிவுக்கு உட்பட்டவை.

இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. குறைக்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் வேகத்திலோ, ஓசையிலோ, உறுப்புகளின் ஆயுளிலோ விலை கொடுத்தாக வேண்டும். எந்த வேலைக்கு எந்த விலை ஏற்கத்தக்கது என்று கணக்கிட்டு முடிவு செய்வதே பொறியியல்.