பழைய ஹெரால்டுக்கு எந்த ஹெட்?

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர்–வண்டலூர் பகுதியில் இயங்கியது ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை. ஹெரால்டும் 1972இல் அதன் வழிவந்த கெஸலும் இந்த நிறுவனத்தின் கார்கள். இரண்டுக்கும் 948 சிசி எஞ்சின்தான். 1980களின் இறுதியில் ஆலை மூடப்பட்டுவிட்டதால், இன்று அந்த எஞ்சினைக் குறைந்த செலவில் புதுப்பிக்க நினைப்பவர் பழைய சிலிண்டர் ஹெட்டைத்தான் தேட வேண்டும். கைக்கு வரும் இரண்டு மூன்றில் பளபளப்பானதை எடுப்பது வழக்கம். எடுக்க வேண்டியதோ, இரும்பு அதிகம் மிச்சமிருப்பதை.

காரணம் எளிது. ஒவ்வொரு முறை கேஸ்கெட் போகும்போதும் ஹெட்டின் அடிப்பரப்பை மில்லிங் செய்திருப்பார்கள். ஆகவே முதலில் ஹெட்டின் கனத்தை அளக்க வேண்டும். பிறகு நேர்விளிம்புச் சட்டத்தை மூலைக்கு மூலை வைத்து, ஃபீலர் கேஜால் வளைவைப் பார்க்க வேண்டும். வால்வு சீட்டுகளுக்கு இடையில் விரிசல் ஓடியிருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் அதைத் தொடக்கூடாது. வால்வுகளை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறைக் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எந்த வால்வு கசிகிறது என்பது போர்ட்டின் ஈரத்திலேயே தெரிந்துவிடும். எக்ஸாஸ்ட் வால்வு வாங்கும் சூட்டில் பெரும்பகுதி சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. சீட் சரியாகப் படியாவிட்டால் கம்ப்ரஷன் குறைவதோடு வால்வும் கருகும். கைடு தளர்ந்திருந்தால் அதை மாற்றிய பிறகே சீட்டை வெட்ட வேண்டும். கட்டருக்கு நடுமையம் தருவது கைடுதான்.

அடுத்தது கம்ப்ரஷன் விகிதம். 63 மி.மீ. போர், 76 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் ஒரு சிலிண்டர் சுமார் 237 சிசி. விகிதம் 8 ஆக இருக்க, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே எஞ்சும் இடம் 33.8 சிசி, 8.5 ஆக்க அது 31.6 சிசியாக வேண்டும். வித்தியாசம் வெறும் 2.2 சிசி. இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. ஹெட்டைச் சமமட்டமாகக் கவிழ்த்து, பியூரெட்டால் குழியின் கொள்ளளவை அளந்து, பிறகு அதில் 2.2 சிசி குறைத்து எண்ணெய் ஊற்றினால், எண்ணெய் மட்டத்துக்கும் பரப்புக்கும் உள்ள ஆழமே மில்லிங் செய்ய வேண்டிய அளவு. அதற்கு மேல் சீவினால் நாக்கிங்கும், புஷ்ராடு நீளச் சிக்கலும் வந்து சேரும்.

போர்ட்டைப் பெரிதாக்கினால் பவர் கூடாதா என்று கேட்கலாம். உச்ச வேகத்தில் ஓடும் பந்தயக் காருக்குக் கூடும். நெரிசலில் ஊர்ந்து போகும் காருக்கோ குறுகிய போர்ட்டில் காற்று விரைந்து பாய்வதுதான் நல்லது. சீட்டுக்குக் கீழே உள்ள பிசிறையும், மேனிஃபோல்டு சேரும் இடத்துப் படியையும் நீக்கினால் போதும். இன்னொரு வாதம்: 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டதால், கடினச் சீட் வளையம் கட்டாயம் என்பது. ஈயப் படிவு இரும்புச் சீட்டைக் காத்தது உண்மைதான். ஆனால் வளையம் பொருத்தப் பழைய வார்ப்பில் ஆழமாக வெட்டினால் தண்ணீர்ப் பாதையைத் தொட்டுவிடும் ஆபத்து உண்டு. சீட் நன்றாக இருந்து, வண்டியும் மெதுவாகவே ஓடுமென்றால், வால்வு இடைவெளியை அவ்வப்போது அளந்தாலே போதும். அந்த இடைவெளி தொடர்ந்து சுருங்கினால் சீட் தேய்கிறது. வளையத்துக்குக் காசு செலவழிக்க வேண்டிய நேரம் அதுதான்.