பெருவின் மடிக்கணினிகளும் 40 மணி நேரமும்

'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தின் கீழ் தென் அமெரிக்க நாடான பெரு வாங்கிய கணினிகள் 8,50,000 அளவில். ஒன்றின் விலை சுமார் 200 அமெரிக்க டாலர் என்று கொண்டால், கருவிக்கு மட்டும் 17 கோடி டாலர். ஆசிரியருக்கு ஒதுக்கப்பட்ட பயிற்சி 40 மணி நேரம்.

அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் எடுத்த கணக்கு 2012இல் வெளிவந்தது. திட்டம் நடந்த பள்ளிகளில் 100 மாணவர்களுக்கு 118 கணினிகள், மற்றவற்றில் 12. ஏறத்தாழ 10 மடங்கு. சுமார் 15 மாதங்களுக்குப் பின் கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் இரு தரப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பொதுச் சிந்தனைத் திறனில் மட்டும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. அந்த 40 மணியை 15 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதத்துக்கு 2.7 மணி.

பின்னர் 531 பள்ளிகளை 10 ஆண்டுப் பதிவேடுகளின் வழியே ஆராய்ந்தபோது அந்தச் சிறு முன்னேற்றமும் காணப்படவில்லை. மாணவர்கள் கணினியைக் கையாளக் கற்றிருந்தார்கள், தேர்ச்சி உயரவில்லை. ஆசிரியர்கள் ஓரளவு பயிற்சி பெற்றிருந்தும் அவர்களது கணினித் திறன் கூடவில்லை, வகுப்பில் பயன்பாடும் குறைவு. பெருவின் பேரேட்டில் நான் முதலில் வாசிக்கும் வரி இதுதான். பயிற்சி நடந்தது என்பது செலவுக் கணக்கு. திறன் கூடியதா என்பது வரவுக் கணக்கு. பல அரசு அறிக்கைகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

பாகிஸ்தானின் நடுநிலைப் பள்ளிகளில் நடந்த இரண்டு சோதனைகள் வேறு எண்களைத் தருகின்றன. முதலாவதில் பாடத்திட்டத்தை ஒட்டிய சிறு காணொளிகளை 8ஆம் வகுப்பு ஆசிரியர்கள் தம் பாடத்தோடு சேர்த்து நடத்தினார்கள். 4 மாதங்களில் கணித, அறிவியல் மதிப்பெண் 0.3 திட்ட விலக்கம் உயர்ந்தது. ஒப்பீட்டுக் குழு அடைந்த முன்னேற்றத்தைவிட இது 60 விழுக்காடு அதிகம். இரண்டாவதில் ஏறக்குறைய அதே வகை உள்ளடக்கம் 6ஆம் வகுப்பு மாணவர்களின் கைக்கணினிக்கு நேரே போனது. மதிப்பெண் 0.4 திட்ட விலக்கம் சரிந்தது. வகுப்புகள் வேறு என்பதால் இரண்டையும் கூட்டி 0.7 என்று சொல்வது முறையாகாது. ஆனால் ஒன்று ஏற்றம், மற்றது இறக்கம்.

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 2018ஆம் ஆண்டு ஆசிரியர் கணக்கெடுப்பில், பணிக்கு முந்தைய கல்வியில் தகவல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திக் கற்பிக்கப் பயின்றவர்கள் 56 விழுக்காடு. அதற்குத் தாம் நன்கு தயாரானதாக உணர்ந்தவர்கள் 43 விழுக்காடு. இடைவெளி 13 விழுக்காட்டுப் புள்ளிகள். பணியில் இருந்துகொண்டே இத்துறையில் மேலும் பயிற்சி மிகவும் தேவை என்றவர்கள் 18 விழுக்காடு.

மாணவர்களின் தரவைக் காக்கும் பொறுப்பின் கணக்கு தனி. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 163 கல்விச் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் சோதித்தது. அவற்றில் 145, அதாவது 89 விழுக்காடு, குழந்தைகளின் தரவு உரிமைக்கு ஊறு விளைவிக்கக்கூடிய முறையில் இயங்கின. யுனெஸ்கோவின் 2023 அறிக்கைப்படி, ஆசிரியரின் தொழில்நுட்பத் திறனுக்குத் தரநிலை வகுத்தவை பாதி நாடுகள். கல்வித் துறையில் தரவுத் தனியுரிமையைச் சட்டத்தில் வெளிப்படையாக உறுதிசெய்தவை 16 விழுக்காடு. மீதி 84 விழுக்காட்டில், ஒரு செயலி மாணவரின் விவரங்களைக் கேட்கும்போது ஆசிரியர் சுட்டிக்காட்டுவதற்குக் கல்விக்கென்று வெளிப்படையான சட்டப் பிரிவு கிடையாது.