சொரியாசிஸ் மருந்தும் இரத்தப் பரிசோதனையும்

தோலில் சிவந்த தடிப்புகளும் அவற்றின்மேல் வெள்ளிநிறச் செதில்களும் தோன்றுவது சொரியாசிஸ் நோயாகும். உடலின் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தூண்டப்பட்டு, தோல் அளவுமீறிய வேகத்தில் வளர்வதால் இது உண்டாகிறது. இது தொற்றுநோயன்று. ஒரே கிணற்றில் குளிப்பதாலோ ஒரே பாயில் படுப்பதாலோ பரவாது. நோயாளரை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

பூச்சு மருந்துகளுக்கு நோய் அடங்காதபோது வைத்தியர்கள் மெதோற்றெக்சேற் என்னும் குளிசையைக் கொடுப்பதுண்டு. இதனை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டுமே எடுக்கவேண்டும். நாள்தோறும் எடுத்து உயிரிழந்தோர் பல நாடுகளிலும் உள்ளனர். ஆகவே ஒரு கிழமையைத் தெரிந்து, அதனைப் பெட்டியின்மேல் பெரிதாக எழுதி வையுங்கள். 2.5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என இருவகைக் குளிசைகள் உண்டு. மருந்து பெறும் இடம் மாறும்போது இதனைக் கட்டாயம் கேட்டறியுங்கள்.

ஏன் இரத்தப் பரிசோதனை? இம்மருந்து எலும்பு மச்சையில் இரத்தம் உண்டாவதைக் குறைக்கக்கூடும், ஈரலையும் தாக்கக்கூடும். சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதானால் உடலில் தேங்கி நஞ்சாகும். வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவிலும் விவசாயிகளிடையே சிறுநீரக நோய் காணப்படுவதால் இது எமது மக்கள் கவனிக்கவேண்டிய விடயம்.

குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத் துருசைத் திறப்பதுபோல, பரிசோதனை முடிவைப் பார்த்தே வைத்தியர் மருந்தைக் கூட்டிக் குறைக்கிறார். தொடக்கத்தில் சிறிய அளவு. ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை பரிசோதனை. அளவு நிலைபெற்ற பின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போதும். குளிசை எடுத்து ஓரிரு நாட்களுக்கு ஈரல் அளவுகள் தற்காலிகமாக உயரக்கூடும். எனவே அடுத்த குளிசைக்கு முதல்நாள் இரத்தம் கொடுப்பது நல்லது.

வெண்குழியங்கள் ஒரு கன மில்லிமீற்றரில் வழமையாக 4,000 முதல் 11,000 வரையும், சிறுதட்டுகள் 1,50,000 முதல் 4,50,000 வரையும் இருக்கும். ஒரு தடவை வந்த எண்ணைவிட, தொடர்ந்து இறங்குகிறதா என்பதே முக்கியம். இறங்கினாலோ, ஈரல் அளவுகளோ கிரியற்றினினோ ஏறினாலோ வைத்தியர் மருந்தைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். தோல் தெளிந்தால் படிப்படியாகக் குறைப்பார். நோய் கூடிவிட்டதென்று நீங்களாக ஒரு குளிசையும் கூட்டவேண்டாம்.

கவனிக்கவேண்டியவை:

1. காய்ச்சல், வாய்ப்புண், காரணமின்றித் தோலில் கன்றிய அடையாளம், வறட்டு இருமல், மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல் ஆகியவை கண்டால் குளிசையை நிறுத்தி உடனே வைத்தியசாலை செல்லுங்கள்.

2. கடும் வயிற்றோட்டம், வாந்தி ஏற்பட்டால் அடுத்த குளிசைக்கு முன் வைத்தியரைக் கேளுங்கள்.

3. கோற்றைமொக்சசோல் சேரவே கூடாது. நோவுக் குளிசைகளைக் கேட்டே எடுங்கள். கள்ளு, சாராயம் வேண்டாம்.

4. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எடுக்கக்கூடாது. பிள்ளை பெற எண்ணும் கணவன் மனைவி இருவரும் முற்கூட்டியே வைத்தியரிடம் கூறவேண்டும்.

5. போலிக் அசிற் தந்திருந்தால், அதனை வைத்தியர் குறித்த நாட்களில் எடுங்கள்.

இடம்பெயரும்போது கிளினிக் கொப்பியையும் பரிசோதனைத் தாள்களையும் பொலித்தீன் பையிலிட்டு, காணி உறுதியோடும் அடையாள அட்டையோடும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். பழைய எண்கள் கையில் இருந்தால்தான் புதிய இடத்து வைத்தியர் சரியான அளவைத் தீர்மானிக்க முடியும்.