“சும்மாதான் இருக்கேன்”



நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கிற குடும்பங்கள் அநேகம். முந்திரி ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து, கறுத்து, உரியும். இப்படிப் பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிய ஒரு கேள்விப் படிவத்துடன் வீடு வீடாகச் சென்றோம். படிவத்தை எழுதியவன் நான்.

முதல் கேள்வி, “வேலைக்குப் போகிறீர்களா?” ஒரு தாயார், “இல்லீங்க ஐயா, வீட்டுல சும்மாதான் இருக்கேன்” என்றார். ‘இல்லை’ என்று குறித்தோம். அப்படிச் சொல்பவர்களிடம் கைப்புண் பற்றிக் கேட்க வேண்டாம் என்றும் நானே எழுதியிருந்தேன். விடைபெறும்போதுதான் அவருடைய விரல்களைக் கவனித்தேன், கருகியிருந்தன. அவர் பொய் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கொட்டை உடைப்பதை, ‘வேலைக்குப் போவது’ என்று அவர் எண்ணவில்லை. பிழை என் கேள்வியில் இருந்தது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பெண்களின் உழைப்பு கணக்கில் விடுபடுவதை உணர்ந்தே, 1991-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வயலிலும் குடும்பத் தொழிலிலும் ஊதியமின்றிச் செய்த வேலையும் சேரும் என்று கேள்வியிலேயே குறிப்பிட்டார்கள்.

படிவத்தைத் திருத்தும்போது நாங்கள் கைக்கொண்டவை இவை:

1. மக்கள் பேசுகிற சொல்லில் கேட்க வேண்டும். “நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?” என்றால் உழைப்பு முழுவதும் வெளிவரும்.

2. ஒரு கேள்விக்கு ஒரே பொருள். “காய்ச்சலும் இருமலும் உண்டா?” என்றால், இருமல் மட்டும் உள்ளவர் என்ன சொல்வார்?

3. காலத்தைக் குறிப்பிட வேண்டும். ‘அடிக்கடி’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். தேசியக் குடும்பநல ஆய்வில், குழந்தையின் வயிற்றுப்போக்கைப் பற்றிக் கடந்த இரண்டு வாரங்களுக்கே கேட்கிறார்கள்.

4. பதிலை நாமே ஊட்டக்கூடாது. “தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறீர்கள்?” என்று போதகரே கேட்டால், இல்லையென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? “குடிப்பதற்கு முன் தண்ணீரை ஏதாவது செய்வீர்களா?” என்று கேட்கலாம்.

5. அச்சிடுமுன் சில வீடுகளில் கேட்டுப் பார்க்க வேண்டும். தடுமாறுகிற இடத்தில் திருத்த வேண்டியது கேள்வியையே.

திருத்திய படிவத்துடன் அந்தத் தாயாரிடம் மறுபடியும் சென்றோம். நேற்று செய்ததையெல்லாம் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். சிகிச்சை பெற வேண்டியோர் பட்டியலில் அவர் பெயரும் ஏறியது.

உங்கள் சபைகளில் கணக்கெடுக்கச் செல்லும் வாலிபர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். நாம் சரியாகக் கேட்காதபோது, உதவி தேவைப்படுகிறவரே விடுபட்டுப்போகிறார்.